பேட்டண்ட் வாங்காத சொற்கள்

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது காப்புரிமையைப் பற்றி. பயப்படாதீர்கள், சட்ட வகுப்பு எடுக்கப் போவதில்லை. காப்புரிமையையும் கண்டுபிடிப்புகளையும் சுற்றிப் புழங்குகிற சொற்களைப் பற்றித்தான் பேச்சு. வக்கீல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேலிச் சொற்கள், கடைத்தெருவில் அடிபடும் கொச்சைச் சொற்கள், நம்முடைய கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போய் வேறொருவர் பொருளுக்குப் பெயரான சொற்கள். ஒரு கலப்பையின் பெயரை நாட்டுக்கே பெயராக வைத்துக்கொண்ட மண் இது. நாஞ்சில் நாடு என்கிறோமே, நாஞ்சில் என்றால் கலப்பைதானே? அந்தக் கலப்பையை முதலில் செய்தவன் யார்? எந்த அலுவலகத்தில் மனுப் போட்டான்? சொல் இருக்கிறது, ஆளைக் காணோம். இன்றைய பேச்சு முழுக்க இந்தக் கதைதான்.

முதலில் தெருவுக்கு வருவோம். ஒருவர் எதற்கெடுத்தாலும் ஒரே வசனத்தைச் சொன்னால் என்ன சொல்கிறோம்? 'அது அவரு பேட்டண்ட் டயலாக்' என்கிறோம். ஒருவன் ஒரே திண்ணையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால்? 'இதுக்கு நீ பேட்டண்ட் வாங்கியிருக்கியாடே?' என்கிறோம். இந்தச் சொல் வருவதற்கு முன்னால் என்ன கேட்டோம்? 'குத்தகைக்கு எடுத்திருக்கியா?' என்று கேட்டோம். 'பட்டா போட்டாச்சா?' என்று கேட்டோம். வயலுக்கு இருந்த சொல்லை ஜனங்கள் மூளைக்கும் மாற்றிப் போட்டார்கள். சட்டம் படிக்காமலே சரியாகப் பிடித்தார்கள் பாருங்கள்! ஆனால் இரண்டில் எது பொருத்தம்? குத்தகைதான். காப்புரிமைக்கு ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அது முடிந்ததும் கண்டுபிடிப்பு ஊர்ப் பொதுச் சொத்து. குத்தகையைப் பட்டாவாக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு மூலப் பொருள் என்ன தெரியுமா? திறந்த கடிதம். யாரும் படித்துப் பார்க்கலாம் என்று முத்திரையைக் கீழே தொங்கவிட்டு ராஜா கொடுக்கிற சாசனம். திருவிதாங்கூர் காலத்தில் நம் முன்னோருக்கு மன்னர் கொடுத்ததற்கு நீட்டு என்று பெயர். பேட்டண்டில் ராஜாவின் கடிதம் மட்டும் திறந்திருந்தால் போதாது, கண்டுபிடித்தவனும் தன் வித்தையைத் திறக்க வேண்டும். 'உன் வித்தையை முழுசாக எழுதிக் கொடு, 20 வருஷம் வேறு யாரும் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான் அரசாங்கம் செய்யும் ஒப்பந்தம்.

இந்தியாவில் இந்தச் சட்டம் முதலில் வந்தது 1856-இல். அதன் கீழ் முதல் உரிமை யாருக்குப் போனது? கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் என்ற துரைக்கு. எதற்கு? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு! வெள்ளைக்காரன் மேஜைக்கு மேலே தொங்கும் துணி விசிறியை, வராந்தாவில் உட்கார்ந்து கயிறு பிடித்து இழுக்கிற ஏழை தூங்கிப் போகிறான் என்பதுதான் அன்றைக்கு நாட்டின் முதல் தொழில்நுட்பப் பிரச்சினை. அவனுக்கு வேர்க்குமே என்று யாரும் மனுப் போட்டதாகத் தகவல் இல்லை.

சரி, நம் வாயில் தினமும் புரளுகிற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஜெராக்ஸ். 'ஆதார் ஒரு ஜெராக்ஸ் போடுங்க அண்ணாச்சி' என்கிறோம். மகன் அப்பன் சாடையில் இருந்தால் 'அப்பனுக்க ஜெராக்ஸ்' என்கிறோம். அந்த எந்திரத்தைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் யார்? நியூயார்க்கில் ஒரு மின்சாதனக் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். காப்புரிமைத் தாள்களுக்குப் படி எடுத்துப் படி எடுத்துக் கை ஓய்ந்தவர். அந்த எரிச்சலில்தான் உலர்முறைப் படிக்கு வழி தேடினார். 1938 அக்டோபர் 22-ஆம் தேதி அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறையில் முதல் படி விழுந்தது. தேதியும் இடத்தின் பெயரும்தான் அதில் இருந்த எழுத்து. 1942-இல் காப்புரிமை கிடைத்தது. பிற்பாடு வந்த கம்பெனிப் பெயர்தான் ஜெராக்ஸ். காப்புரிமை என்றோ காலாவதியாகிவிட்டது. சொல் ஆகவில்லை. நாகர்கோவிலில் எந்தக் கம்பெனி எந்திரம் வைத்திருந்தாலும் பலகையில் 'ஜெராக்ஸ் கடை' என்றுதான் எழுதுகிறார்கள். கம்பெனிக்காரர்களுக்கு இது பிடிக்காது. ஊரே தன் பெயரைச் சொன்னால் பெருமைதானே என்று நினைப்போம். அவர்களோ, பெயர் பொதுச்சொல்லாகிவிட்டால் வணிகக்குறி கையைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள்.

இனி வக்கீல்களின் கேலிச் சொற்களுக்கு வருவோம். எதையும் செய்யாமல், எந்தப் பட்டறையும் வைக்காமல், காப்புரிமைத் தாளை மட்டும் விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, செய்கிறவன் மேலெல்லாம் வழக்குப் போட்டுப் பணம் பறிக்கிறவனை என்ன சொல்வது? இன்டெல் கம்பெனி வக்கீல் பீட்டர் டெட்கின் அப்படிப்பட்ட ஒருவரைப் 'பணம் பறிக்கிறவர்' என்று சொல்லி மானநஷ்ட வழக்கில் மாட்டிக்கொண்டார். அப்புறம் வழக்குக்கு இடம் கொடுக்காத ஒரு சொல்லைப் பிடித்தார், ட்ரோல். பாலத்தடியில் பதுங்கி, கடக்கிறவனிடம் காசு கேட்கும் ஐரோப்பியக் கதைப் பூதம் அது. நம் பிள்ளைகளுக்கு ட்ரோல் என்றால் மீம்ஸ் போட்டுக் கலாய்ப்பது, அது வேறு கதை. அந்த டெட்கினே பிற்பாடு காப்புரிமைகளை வாங்கிக் குவிக்கும் ஒரு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். அப்போது எதிரிகள் அவரையே அந்தச் சொல்லால் அழைத்தார்கள்.

இன்னொரு சொல், நீர்மூழ்கிக் காப்புரிமை. மனுவைப் போட்டுவிட்டு வருஷக்கணக்காக இழுத்தடித்து, தொழில் வளர்ந்து கொழுத்த பிறகு மேலே எழும்பி வந்து சுடுவது. அமெரிக்காவில் ஜெரோம் லெமல்சன் 1950-களில் போட்ட விண்ணப்பங்களை வைத்து, பார்கோடு படிக்கும் கருவிகள் வரை உரிமை கொண்டாடினார்கள். 2004-இல் நெவாடா நீதிமன்றம் 'இத்தனை காலதாமதம் நியாயமில்லை' என்று தள்ளிவிட்டது.

குத்தகையைப் பட்டாவாக்குகிறவர்கள் என்று சொன்னேனே, அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. 'எவர்கிரீனிங்' என்பார்கள். 20 ஆண்டு முடியப் போகிற மருந்தில் கொஞ்சம் உப்பை மாற்றி, கொஞ்சம் படிகத்தை மாற்றி, 'இது புதுசு' என்று இன்னொரு 20 ஆண்டு கேட்பது. இந்தச் சண்டையின் பெரிய களம் எங்கே இருந்தது தெரியுமா? நம் சென்னையில். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் விண்ணப்பித்தது. அப்போது மருந்துப் பொருளுக்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை. 2005 வரை விண்ணப்பங்களை வாங்கி மூடி வைத்தார்கள். அதற்கு 'தபால்பெட்டி விண்ணப்பம்' என்று பெயர். பெட்டியைத் திறந்து பார்த்த சென்னை அலுவலகம் 2006-இல் 'கிடையாது' என்றது. உயர் நீதிமன்றம் தாண்டி வழக்கு டெல்லி போயிற்று. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் 'கிடையாது' என்றது. சட்டத்தின் 3(டி) பிரிவு, நோயைக் குணப்படுத்தும் திறன் கூடாமல் வெறும் வடிவம் மாறினால் புதுசு இல்லை என்கிறது. கம்பெனி மருந்து மாதம் லட்சத்துக்கு மேல், நம் நாட்டுத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வியில் எத்தனை உயிர் தொங்கியது, நினைத்துப் பாருங்கள்!

இப்போது நம் கரைக்கு வாருங்கள். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளுகிற நம் கடற்கரையில் கட்டுமரத்தைக் கட்டுமரம் என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. 'மரம்' என்பார்கள், அவ்வளவுதான். லேசான மரத்தைச் செதுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, கயிற்றால் கட்டியது. உள்ளே தண்ணீர் நுழைந்தால் இடைவெளி வழியாகத் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தால் மறுபடி புரட்டிப் போடலாம், மூழ்காது. அலை அடிக்கிற கரையில், துறைமுகமே இல்லாத இடத்தில், மணலில் இருந்து நேராக அலைக்குள் தள்ளலாம். வேலை முடிந்தால் கட்டை அவிழ்த்துக் காய வைக்கலாம். இதைவிடக் கச்சிதமான வடிவமைப்பை எந்தப் பொறியாளர் செய்துவிட முடியும்? வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையில் இதைக் கண்டு, 1697-இல் வந்த தன் பயண நூலில் பெயரோடு எழுதினார். சொல் இங்கிலீஷில் ஏறியது.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற படகுக் கலைஞர் இரண்டு மெல்லிய உடலை இணைத்து ஒரு பாய்மரப் படகு செய்தார். அமரில்லிஸ் என்று பெயர். 1876-இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் மற்றப் படகுகளையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போனது. தோற்றவர்கள் 'இது படகே இல்லை' என்று புகார் செய்ய, பரிசு பறிபோனது. 1877-இல் அந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கினார். அந்த மாதிரிப் படகை உலகம் இன்று என்னவென்று அழைக்கிறது? கேட்டமரன்! நம் மரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. அதற்கு உடலே கிடையாது, கட்டு மட்டும்தான். ஹெரஷாஃப் நம்மிடம் எதையும் திருடவில்லை, அவர் படகு அவர் மூளையில் பிறந்தது. ஆனால் பெயர் நம்முடையது. உலகத்தில் ஒரு கோடீஸ்வரன் தன் சொகுசுப் படகைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நம் மீனவன் வாய்ச்சொல் அவன் வாயில் வருகிறது. அதற்கு ராயல்டி யார் கேட்பது?

சொல் போன கதை இது. மண்ணே போன கதையும் ஒன்று இருக்கிறது.

கயிறு என்ற நம் சொல்தான் இங்கிலீஷில் காயர். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கட்டுக்கட்டாகப் போன தென்னங்கயிற்றில் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டு போனது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அந்த மணலைப் பார்த்தார். நாம் கருமணல் என்று காலில் மிதித்துப் போகிற மணலுக்குள் மோனசைட் இருக்கிறது என்று கண்டார். உடனே கிளம்பி வந்தார். எங்கே ஆலை வைத்தார்? மணவாளக்குறிச்சியில்.

எதற்கு இந்த அவசரம்? ஒரு காப்புரிமைக்காக. வியன்னாவில் கார்ல் அவுவர் என்ற விஞ்ஞானி 1885-இல் விளக்குத் திரிக்குப் பதிலாக ஒரு துணிக்கூட்டைக் கண்டுபிடித்து உரிமை வாங்கியிருந்தார். முதல் மாதிரி பச்சையாக எரிந்தது, ஜனங்கள் வாங்கவில்லை. சில வருஷங்கள் போராடி, தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு என்ற கணக்கைப் பிடித்தார். வெள்ளை வெளேரென்று வெளிச்சம் வந்தது. ஐரோப்பாவின் தெருவெல்லாம் அந்த விளக்கு. தோரியம் எங்கே கிடைக்கும்? மோனசைட்டில். மோனசைட் எங்கே? நம் கரையில்.

அந்தத் துணிக்கூட்டுக்கு நம் ஊரில் பெயர் மேண்டில். அதைப் பொருத்திய விளக்கு ஒரு ஜெர்மன் கம்பெனி வைத்த பெயரிலேயே வந்து சேர்ந்தது, பெட்ரோமாக்ஸ். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். கொடை விழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் அதைக் கொளுத்த ஒரு ஆள் தனியாக இருப்பார். புது மேண்டிலைக் கட்டி, முதலில் அதை எரிய விட வேண்டும். நூல் முழுக்கச் சாம்பலாகி, ஆக்சைடுக் கூடு மட்டும் வடிவம் மாறாமல் தொங்கும். அப்புறம் பம்பு அடிக்க அடிக்க உஸ்ஸென்று சத்தம் ஏறும், கூடு பழுத்து வெளிச்சம் கக்கும். விரல் பட்டால் போச்சு. 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில், 'இதிலிருந்து எப்படி வெளிச்சம் வரும்' என்று சந்தேகப்பட்டுக் கூட்டைத் தொட்டு உடைத்த காட்சியைத் தமிழ்நாடே சிரித்துப் பார்த்தது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த மேண்டிலுக்கும் மணவாளக்குறிச்சி மணலுக்கும் இருந்த உறவு? நம் மணல் கப்பலேறி, வெளிநாட்டுக் காப்புரிமைக்குள் புகுந்து, பெட்டியில் அடைபட்டு, விலை போட்டு நம் கொடை விழாவுக்கே திரும்பி வந்தது.

அதெல்லாம் பழங்கதை, இப்போது என்ன என்று கேட்பீர்கள். 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் வீட்டுப் பாட்டி எல்லோரும் ஒரே நாளில் குற்றவாளிகள்! இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் மறுபரிசீலனை கேட்டு மனுப் போட்டது. இங்கேதான் கவனிக்க வேண்டும் மக்களே. பாட்டி சொன்னாள் என்பது அங்கே செல்லாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் வாய்வழியாக வழங்கும் அறிவு சாட்சியே இல்லை. அச்சில் வந்திருக்க வேண்டும். பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் எடுத்து வைத்த பிறகுதான் 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. கோடிப் பாட்டிகளைவிட ஒரு அச்சுத்தாள் கனம் கூடியது. இந்த அனுபவத்தில்தான் 2001-இல் மரபறிவு மின்நூலகம் தொடங்கினார்கள். சம்ஸ்கிருதம், அரபி, பாரசீகம், உருது நூல்களோடு நம் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறி, ஐந்து வெளிநாட்டு மொழிகளில் காப்புரிமை அதிகாரிகளின் மேஜைக்குப் போகின்றன.

ஆனால் நூலில் ஏறாதது? கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் வர்ம ஆசான்கள் வித்தையை எப்படிக் காத்தார்கள்? ஒளித்துக் காத்தார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்குச் சொல்வார்கள், அடிபட்டவனை மீட்கும் அடங்கலைச் சொல்ல மாட்டார்கள். மருந்துப் பெயரைப் பரிபாஷையில் மறைப்பார்கள். தகுதியில்லாதவன் கையில் போனால் உயிர்ச்சேதம் என்ற நியாயமான பயம் அதில் உண்டு. ஆனால் சிஷ்யன் வாய்க்காத ஆசானோடு எத்தனை வித்தை சுடுகாட்டுக்குப் போயிற்று!

சொல்லிக் கொடுத்தவர்களுக்கு என்ன நடந்தது? நம் மலைக்கு அந்தப் பக்கம், 1987-இல் அகத்திய மலைக்காட்டில் விஞ்ஞானிகள் மேலே ஏற முடியாமல் திணறினார்கள். வழிகாட்டி வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டபோது முதலில் சொல்லவில்லை, பிறகு சொன்னார்கள், ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம், புஷ்பாங்கதன் தலைமையில் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாயும் விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கும் என்று உரிமம் கொடுத்து, வரும் பணத்தில் பாதியைக் காணிகளுக்கு என்று எழுதி வைத்தார்கள். உலகமே பாராட்டிய ஏற்பாடு, நானும் பாராட்டுகிறேன். ஆனால் ஜீவனி என்ற பெயரை வெளிநாட்டில் பதிந்து வைக்கவில்லை. அமெரிக்காவில் வேறொருவர் அந்தப் பெயரை வணிகக்குறியாகப் பதிந்துகொண்டார். மருந்தைக் காத்தார்கள், சொல்லை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஈரமுள்ளது. 25-ஆம் பிரிவின்படி, ஒரு வட்டாரத்து மக்களிடம் வாய்மொழியாக இருக்கும் அறிவைக் காட்டியும் காப்புரிமையை எதிர்க்கலாம். வாய்மொழி செல்லும். ஆனால் அந்த வாய் உயிரோடு இருக்க வேண்டாமா?

நம் பனைவிளைக்குப் போய்ப் பாருங்கள். பனையேறி கால்களைப் பிணைக்கிற தளைநார். அடிமரத்தில் சாய்த்து வைக்கிற முருக்குத்தடி. பாளையை நசுக்கும் கடிப்பு. சீவுகிற பாளை அரிவாள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். புளிப்பேறுவதைத் தடுக்கும் வேதியியலை ஒரு விரல் சுண்ணாம்பில் அடக்கியவன் பெயர் யாருக்குத் தெரியும்? ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் போனால் இந்தச் சொற்களும் போகும். சொல் போனால் சாட்சியும் போயிற்று. பக்கத்துக் கேரளத்தில் செம்பேரிக்காரர் ஒருவர், அப்பச்சன் என்று கூப்பிடுவார்கள், தென்னை ஏறும் கருவி செய்தார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவர் பெயரை ஏட்டில் ஏற்றியது. நம் ஊர்ப் பட்டறைகளில், 'சும்மா ஒப்பேத்திப் பாத்தேன் அண்ணாச்சி' என்று ஒருவர் ஒரு கருவியைக் காட்டுவார். அந்த ஒப்பேற்றலுக்குள் எத்தனை நாள் யோசனை இருக்கிறதோ!

அப்படி யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் செய்தது நிஜமாகவே புதுசு என்றால், பத்திரிகைக்காரரிடம் காட்டுவதற்கு முன்னால், கண்காட்சியில் வைப்பதற்கு முன்னால், கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு தற்காலிக விண்ணப்பம் அனுப்புங்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. ஊருக்குக் காட்டிவிட்டுப் போனால், உங்களுடைய பொருளே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மற்ற எல்லோருக்கும், குறிப்பாகப் பள்ளிச் சீருடையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு, ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு தொழிலைப் பிடியுங்கள். மரம் கட்டுகிறவர், பனையேறி, கொல்லர், ரப்பர் பால் வெட்டுகிறவர், வலை பின்னுகிறவர், யாராக இருந்தாலும் சரி. அவர் கையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். பக்கத்தில் படம் வரையுங்கள். என்ன வேலைக்கு, எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதுங்கள். சொல்ல விருப்பமில்லாததை வற்புறுத்திக் கேட்காதீர்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து அதை ஒரு சிறு நூலாக அச்சிட்டு, மாவட்ட நூலகத்தில் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். நாளைக்கு எவனோ ஒருவன் தளைநாருக்கு உரிமை கேட்டு எங்கோ மனுப் போட்டால், நம்மிடம் காட்ட ஒரு தாள் இருக்கும்.

முதல் பக்கத்தில் சொன்னவர் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். தேதி போட மறந்துவிடாதீர்கள்.